பாட்டும் குறிப்பும்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் ஸ்ரீபெரும்புதூர் அமைந்துள்ளது. இராமாநுசர் தோன்றிய பதி என வைணவர் போற்றும் பழம்பேரூர் அது. இந்நாளில் அவ்வூரின் பெயர் தொழில் உலகிலும் பெரிதாக வழங்குகிறது. ஊரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998ஆம் ஆண்டு முதல் கார்களைச் செய்து வருகிறது. தெற்கே ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டில் ரெனோ–நிசான் கார்த் தொழிற்சாலையும், 2012ஆம் ஆண்டில் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும், 2013ஆம் ஆண்டில் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் தொடங்கப்பெற்றன. ஏரிகளும் வயல்களும் இருந்த நிலப்பரப்பில் இன்று ஆலைகளின் கூரைகள் வரிசை வரிசையாகத் தோன்றுகின்றன.

ஒரு காருக்கு வேண்டிய உறுப்புகள் பல்லாயிரம். அவை அனைத்தும் ஓரிடத்தில் செய்யப்படுவதில்லை. சுற்றுவட்டாரத்திலுள்ள சிறிய ஆலைகளும் பெரிய ஆலைகளும் அவற்றைத் தனித்தனியே செய்து அனுப்புகின்றன. ஓர் ஆலையில் கடைந்த போல்ட்டு, அதனை ஒருநாளும் கண்டிராத மற்றோர் ஆலையில் கடைந்த நட்டுக்குள் தடையின்றிச் சுழன்று பொருந்துகிறது. இது தானாக அமைந்த பொருத்தம் அன்று; மனிதர் முயன்று அமைத்த பொருத்தம் ஆகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் மனம்போல மரை வெட்டியது. ஒரு பட்டறையின் இயந்திரத்தில் போல்ட்டு ஒன்று முறிந்தால், அதே பட்டறையின் போல்ட்டே வேண்டியிருந்தது. ஜோசப் விட்வொர்த் என்னும் பொறியாளர் பல பட்டறைகளின் போல்ட்டுகளைத் திரட்டி அளந்தார். அவற்றுக்குப் பொதுவான ஓர் அளவை வகுத்து 1841ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் வகுத்த மரையின் கோணம் 55 பாகை. பின்னர் அமெரிக்காவில் 60 பாகைக் கோணமுடைய மரை பரவியது. இரண்டாம் உலகப் போரில் இவ்விரு நாடுகளும் ஓரணியில் நின்று போரிட்டன. ஆனால், ஒரு நாட்டின் நட்டு மற்றொரு நாட்டின் போல்ட்டில் ஏறவில்லை. அவ்விடர்ப்பாட்டை உணர்ந்த பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய மூன்று நாடுகளும் 1948ஆம் ஆண்டில் ஒரே மரையளவுக்கு உடன்பட்டன.

இரும்புக்கு வாய்த்த இந்தப் பொருத்தம் எல்லாத் துறைகளுக்கும் வாய்த்துவிடவில்லை. பாட்டுகளைத் தொகுத்து வைக்கும் துறை அதற்கு நல்லதொரு சான்று.

ஆயுத பூசையன்று தொழிற்சாலைகளில் இயந்திரங்களைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுவர். பொரியும் கடலையும் வழங்குவர். ஆண்டு விழா, திருமணம், வரவேற்பு எனப் பிற கொண்டாட்டங்களும் இவ்வட்டாரத்தில் குறைவில்லை. அவற்றுள் பலவற்றில் பாட்டு ஒலிபரப்பும் கலைஞர் ஒருவர் இருப்பார். இசைத்தட்டை ஓட்டுபவர் என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைக் கொண்டு அவரை 'டி.ஜே.' என்பர். வடமாவட்டங்களிலிருந்து வந்த தமிழரோடு ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு முதலிய மாநிலத்தாரும் கூடும் அவையில், எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு வந்தால் எல்லாரும் மகிழ்வர் என்று அறிவது அவருடைய முதல் திறமை. ஒரு பாட்டு முடியுமுன் அடுத்த பாட்டை அதன்மீது இழைத்து, தாளம் முறியாமல் கொண்டு செல்வது இரண்டாம் திறமை.

இத்திறமையின் உள்ளீடு ஒரு கணக்கு. நிமிடத்திற்கு 120 தட்டு விழும் பாட்டில் தட்டுக்கும் தட்டுக்கும் இடையே அரை நொடி இருக்கும். அடுத்து வரும் பாட்டில் நிமிடத்திற்கு 124 தட்டு எனில், இரண்டையும் அப்படியே சேர்த்தால் சில நொடிகளில் தாளம் பிசகும். ஆதலால் முதற்பாட்டின் வேகத்தை நூற்றுக்கு மூன்று பங்குக்குச் சற்று மிகையாகக் கூட்ட வேண்டும். கூட்டிய பின், இரு பாட்டுகளின் தட்டுகளும் ஒரே கணத்தில் விழுமாறு தொடங்க வேண்டும்.

இசைத்தட்டுகள் வழங்கிய காலத்தில் இவ்வேலை கையாலும் காதாலும் நடைபெற்றது. ஜப்பானில் 1972ஆம் ஆண்டில் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 என்னும் சுழல்மேடை இக்கலைக்குப் பெரிதும் பயன்பட்டது. தட்டு சுழலும் வேகத்தைச் சிறிது கூட்டவும் குறைக்கவும் அதில் வழி இருந்தது. கலைஞர், பாட்டின் வேகத்தையும், தொடங்க வேண்டிய இடத்தையும் இசைத்தட்டின் உறைமேல் எழுதி ஒட்டி வைப்பார். தட்டு எங்கே சென்றாலும் அக்குறிப்பும் உடன் சென்றது.

இன்று இசைத்தட்டின் இடத்தில் கணினிக் கோப்பு வந்துவிட்டது. உறையின் இடத்தை மென்பொருள் பிடித்துக்கொண்டது. நியூசிலாந்தின் செராட்டோ, ஜெர்மனியில் பிறந்த டிராக்டர், ஜப்பானின் ரெக்கார்டுபாக்ஸ், மற்றும் வெர்ச்சுவல் டி.ஜே. என்பன இக்கலைஞர் பலரும் கையாளும் மென்பொருள்கள். பாட்டின் வேகம், சுருதி, தட்டுகள் விழும் இடங்கள், பல்லவி தொடங்கும் இடம், சரணம் முடியும் இடம், திரும்பத் திரும்ப ஒலிக்கத்தக்க பகுதி ஆகிய அனைத்தையும் கலைஞர் அம்மென்பொருளில் குறித்து வைக்கிறார். திருமணத்திற்கு ஒரு வரிசை, கோயில் விழாவுக்கு ஒரு வரிசை, தொழிற்சாலை விழாவுக்கு ஒரு வரிசை எனப் பாட்டுகளை அடுக்கியும் வைக்கிறார்.

சில வேளைகளில் அவர் ஒரு மென்பொருளை விட்டு மற்றொன்றுக்கு மாற நேரிடுகிறது. விழா நடைபெறும் மண்டபத்தில் வேறு வகைக் கருவி இருக்கலாம். பழைய மென்பொருள் புதிய கணினியில் ஓடாமற் போகலாம். விலை கட்டுப்படியாகாமலும் இருக்கலாம். அப்போதுதான் அவர் சேர்த்து வைத்த செல்வத்தின் இயல்பு அவருக்கே விளங்குகிறது.

அச்செல்வம் இரு கூறுகளை உடையது. ஒன்று பாட்டு, மற்றொன்று பாட்டைப் பற்றிய குறிப்பு.

பாட்டு எளிதில் இடம் பெயரும். ஏனெனில், பாட்டுக் கோப்புக்குப் பொது அளவு உண்டு. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தார் முன்னின்று உருவாக்கிய எம்.பி.3 என்னும் வடிவம் உலகெங்கும் பரவியுள்ளது. ஸ்ரீபெரும்புதூரில் 2006ஆம் ஆண்டு முதல் 2014ஆம் ஆண்டு வரை இயங்கிய நோக்கியா தொழிற்சாலை கோடிக்கணக்கான கைப்பேசிகளைச் செய்தது. அக்காலக் கைப்பேசியின் நினைவட்டையில் ஏற்றிய எம்.பி.3 பாட்டு, வேறு நிறுவனத்தின் கைப்பேசியில் இட்டாலும் அவ்வாறே ஒலித்தது. போல்ட்டுக்கு மரையளவு போலப் பாட்டுக்கு எம்.பி.3 அமைந்தது எனலாம்.

குறிப்பின் நிலை வேறு. ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று நல்ல தரத்தில் ஏறத்தாழ 12 மெகாபைட் அளவுடையது. அதனைப் பற்றிய குறிப்புகள் சில கிலோபைட் அளவினவே. ஆயிரம் பாட்டுகளைப் படியெடுக்கச் சில நிமிடங்கள் போதும். ஆனால், ஒவ்வொரு பாட்டையும் கேட்டுக் குறியிட ஐந்து நிமிடம் செலவிட்டாலும், ஆயிரம் பாட்டுகளுக்கு 5,000 நிமிடம், அதாவது 83 மணி நேரத்திற்கு மேல் ஆகும். நாள்தோறும் எட்டு மணி நேரம் உழைத்தாலும் பத்து நாளில் முடியாது. விழாவுக்கு விழா கூட்டத்தின் முகம் பார்த்துத் திருத்திய குறிப்புகளையோ மணிக்கணக்கில் அளக்க இயலாது. எடை குறைந்த பகுதியிலேயே உழைப்பு நிறைந்துள்ளது.

அக்குறிப்புகள் எங்கே தங்கியிருக்கின்றன என்பதே முதற்கேள்வி. அவை தங்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, பாட்டுக் கோப்பின் உள்ளேயே ஒதுக்கப்பட்ட இடம். மற்றொன்று, மென்பொருள் தனியே வைத்திருக்கும் பேரேடு.

கோப்பின் உள்ளிடத்திற்கு ஐ.டி.3 என்பது பெயர். 1996ஆம் ஆண்டில் தோன்றியபோது அது கோப்பின் இறுதியில் 128 பைட் அளவே கொண்டிருந்தது. பாட்டின் பெயர், பாடியவர், தொகுப்பின் பெயர் ஆகியவற்றுக்கு முப்பது முப்பது இடங்களே இருந்தன. 1998ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் வடிவம் கோப்பின் தொடக்கத்தில் விரிந்த இடத்தை அளித்தது. செராட்டோ, தன் குறிகளைப் பெரும்பாலும் இவ்விடத்திலேயே எழுதி வைக்கிறது. இது உறைமேல் ஒட்டிய குறிப்பைப் போன்றது. ஆயினும், அக்குறிகளைத் தனக்கே உரிய எழுத்துமுறையில் எழுதுகிறது. அம்முறையை அறிந்த மென்பொருளே அதனைப் படிக்க இயலும்.

டிராக்டர் தன் பேரேட்டைத் தனிக்கோப்பாக வைத்துள்ளது. வெர்ச்சுவல் டி.ஜே.யும் அவ்வாறே. இவ்விரண்டின் பேரேடும் எக்ஸ்.எம்.எல். என்னும் முறையில் எழுதப்பட்டவை. 1998ஆம் ஆண்டில் உலகளாவிய பரிந்துரையாக வெளியிடப்பட்ட அம்முறையில், ஒவ்வொரு செய்திக்கும் முன்னும் பின்னும் அதன் பெயர் எழுதப்பட்டிருக்கும். ஆதலின் அதைத் திறந்து மனிதரும் படிக்கலாம். ரெக்கார்டுபாக்ஸ் 2020ஆம் ஆண்டில் வந்த ஆறாம் பதிப்பு முதல் தன் பேரேட்டை மறையெழுத்தில் பூட்டி வைக்கிறது, எனினும், எக்ஸ்.எம்.எல். முறையில் ஒரு படி எடுத்துத் தருகிறது. குடிபெயர விரும்புபவருக்கு அப்படியே வாயில் ஆகும்.

குறிப்புகளை ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றித் தருவதற்கென்றே இடைமென்பொருள்களும் உண்டு. அவை ஒன்றன் பேரேட்டைப் படித்து, மற்றொன்றன் முறைக்கு ஏற்ப எழுதித் தருகின்றன. ஆயினும் மாற்றத்தின்போது நான்கு வகை இடையூறுகள் நேர்வதுண்டு.

முதலாவது, முகவரி பற்றியது. பேரேட்டில் பாட்டு இராது. பாட்டு இருக்கும் இடத்தின் முகவரியே இருக்கும். எந்த வன்தட்டில், எந்தக் கோப்புறையில், என்ன பெயரில் என்பது அம்முகவரி. பாட்டுகளை வேறு கோப்புறைக்கு மாற்றினால், வீடு மாறியவருக்குப் பழைய முகவரியில் வந்த கடிதம்போல் குறிப்புகள் உரியவரைச் சேராமல் நின்றுவிடும். பாட்டும் இருக்கும், குறிப்பும் இருக்கும், இரண்டுக்கும் தொடர்பு இராது.

இரண்டாவது, வடிவம் பற்றியது. ஒரு மென்பொருள் சுருதியை 'ஏ மைனர்' என்று எழுதும். மற்றொன்று அதனையே '8ஏ' என்று எழுதும். ஒன்றில் தொடங்கும் இடங்களுக்கு எட்டுக் குறியும் திரும்ப ஒலிக்கும் பகுதிகளுக்குத் தனியே எட்டுக் குறியும் இருக்கலாம். மற்றொன்றில் இரண்டுக்கும் சேர்த்தே எட்டு இடம் இருக்கலாம். பதினாறு பேர் எட்டு நாற்காலிகளில் அமர முயன்றால் எண்மர் நிற்க வேண்டியவரே அன்றோ? இன்னும், சில மென்பொருள்கள் ஒரு பாட்டுக்கு ஒரே வேகம் உண்டு எனக் கொள்ளும். கணினியில் தாளம் அமைத்த புதிய பாட்டுகளுக்கு அது பொருந்தும். பழைய திரைப்பாட்டுகளில் தபலாவையும் டிரம்மையும் மனிதர் உடனிருந்து வாசித்தனர். அவற்றின் வேகம் பல்லவியில் ஒருவாறும் சரணத்தில் ஒருவாறுமாகச் சிறிது அசையும். அவ்வசைவைப் பின்தொடர்ந்து இட்ட குறிகள், ஒரே வேகம் கொள்ளும் மென்பொருளில் நுழைந்தவுடன் நேர்க்கோடாகிவிடும். பாட்டு நடுவில் தாளம் விலகும்.

மூன்றாவது, நேரம் பற்றியது. இசைக் கோப்பில் ஒலியானது வழக்கமாக ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து எழுதப்படுகிறது. எம்.பி.3 வடிவத்தில் இவ்வளவைகள் 1,152 கொண்ட சிறு கட்டுகளாகக் கட்டப்பட்டிருக்கும். ஒரு கட்டின் நீளம், ஒரு நொடியை ஆயிரம் கூறிட்டால் அவற்றுள் ஏறத்தாழ 26 கூறு ஆகும். சில கோப்புகளில் முதற்கட்டு ஒலியைத் தாங்காமல், கோப்பைப் பற்றிய செய்தியை மட்டும் தாங்கியிருக்கும். ஒரு மென்பொருள் அக்கட்டையும் சேர்த்து நேரத்தை எண்ணும். மற்றொன்று அதனை விட்டுவிட்டு எண்ணும். ஆகவே, ஒன்றில் சரியாகத் தட்டின்மீது இட்ட குறி, மற்றொன்றில் 26 கூறு தள்ளி விழுகிறது. கண்ணால் நோக்கினால் இவ்வேறுபாடு புலப்படாமலும் போகலாம். இரு பாட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இழைக்கும்போதோ, ஒரே தட்டாகக் கேட்க வேண்டியது இரட்டைத் தட்டாகக் கேட்கிறது.

நான்காவது, பெயர் பற்றியது. இது தமிழருக்குப் பெரிதும் உரிய இடையூறு. பாட்டுகளின் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதுவோர் பலர். 'இளையராஜா' என்னும் ஒரு பெயரையே அவர்கள் மூன்று நான்கு விதமாக எழுதுகின்றனர். எழுத்து வேறானால் ஆளும் வேறு என்று கொள்வது இயந்திரத்தின் இயல்பு. ஆதலின் ஒருவர் நால்வர் ஆகிவிடுகிறார். தமிழெழுத்தில் எழுதினாலும் முன்னாளில் துன்பம் இருந்தது. ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தனித்தனி முறையைக் கையாண்டது; ஒன்றில் எழுதிய தமிழ் மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றிற்று. 1991ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிகோடு, உலக மொழிகளோடு தமிழுக்கும் பொதுவான எண்களை வகுத்தது. 1999ஆம் ஆண்டில் தமிழக அரசு தமிழுக்கென இரு குறிமுறைகளைப் பரிந்துரைத்தது. 2010ஆம் ஆண்டில் யூனிகோடையும் ஏற்றுக்கொண்டது. இன்று ஒரு கணினியில் எழுதிய தமிழை மற்றெந்தக் கணினியும் படிக்கிறது. பழைய எழுத்துருவில் எழுதிய பெயர்களை யூனிகோடுக்கு மாற்றாமல் விட்டவர்கள், இன்றும் தம் தொகுப்பில் படிக்கவியலாத பெயர்களைக் காண்கின்றனர்.

இவ்விடையூறுகளை அறிந்தவர் மாற்றத்தை ஒழுங்காகச் செய்வர். முதலில், பாட்டுகளையும் பழைய பேரேட்டையும் தனி வன்தட்டில் படியெடுத்து வைப்பர். பழைய அமைப்பைக் கலைக்கமாட்டார்கள். பாட்டுகள் அனைத்தையும் ஒரே தலைமைக் கோப்புறையின்கீழ்க் கொண்டுவந்து, இருமுறை உள்ளவற்றையும் முகவரி பிழைத்தவற்றையும் பழைய மென்பொருளிலேயே சரிசெய்வர். வீடு மாறுமுன் பெட்டிகளைத் தூய்மை செய்வது போன்றது அது. மென்பொருள் வழியாகவே கோப்புகளை இடம் மாற்றினால், முகவரியும் உடன் மாறும் என்பதையும் நினைவிற்கொள்வர்.

அடுத்து, ஆயிரம் பாட்டுகளையும் ஒருங்கே மாற்றாமல், இருபது பாட்டுகளை மட்டும் மாற்றிப் பார்ப்பர். அவ்விருபதும் ஒரே வகையாக இருத்தல் ஆகாது. வேகம் அசையும் பழைய பாட்டு ஒன்று, குறிகள் மிகுந்த பாட்டு ஒன்று, தமிழில் பெயர் எழுதிய பாட்டு ஒன்று எனப் பலவகையும் கலந்திருக்க வேண்டும். அவற்றைக் கண்ணால் பார்ப்பதோடு நில்லாமல் காதாலும் கேட்டுச் சோதிப்பர். பின்னரே எஞ்சியவற்றை மாற்றுவர். மாற்றிய பின் இரு பக்கத்து எண்ணிக்கையையும் ஒப்பிடுவர். 1,000 சென்றிருக்க 987 வந்திருப்பின், எஞ்சிய 13 பாட்டுகள் எவை என்று தேடுவர். சில விழாக்கள் குறைவின்றி நடந்தேறும்வரை பழைய பேரேட்டை அழிக்கமாட்டார்கள். தொழிற்சாலையில் புதிய இயந்திரத்தை நிறுவும்போதும் இம்முறையே பின்பற்றப்படுகிறது: முதலில் சில உறுப்புகளைச் செய்து அளந்து பார்த்த பின்னரே முழு வேலை தொடங்குகிறது.

இணையத்தில் சந்தா செலுத்திக் கேட்கும் பாட்டுகளின் நிலை இன்னும் ஒருபடி வேறு. அவற்றின் கோப்பு கேட்பவரிடம் இல்லை; கேட்கும் உரிமை மட்டுமே அவரிடம் உள்ளது. சந்தா நின்றால் பாட்டும் நின்றுவிடும். ஆதலின் தொழிலுக்கு இன்றியமையாத பாட்டுகளை முறைப்படி விலை கொடுத்து வாங்கித் தம்மிடம் வைத்துக்கொள்பவர் உளர்.

பாட்டு எஞ்சிக் குறிப்பு மறையும் இத்துன்பம் கணினியோடு பிறந்தது அன்று. தமிழிசையின் வரலாறே அதற்குச் சான்று பகரும். சங்க நூல்களுள் ஒன்றாகிய பரிபாடல் இசையோடு பாடப்பெற்றது. எழுபது பாடல்களுள் முழுமையாகக் கிடைப்பவை இருபத்திரண்டே. உ.வே. சாமிநாதையர் அந்நூலை 1918ஆம் ஆண்டில் பதிப்பித்தார். அதன் பாடல்களின் இறுதியில் பாடியவர் பெயரும், இசை வகுத்தவர் பெயரும், பண்ணின் பெயரும் எழுதப்பட்டுள்ளன. நன்னாகனார், கண்ணாகனார், பெட்டனாகனார் முதலிய இசைவாணரை இன்று உலகம் அறிவது அச்சிறு குறிப்புகளாலேயே. எனினும், அவர்கள் வகுத்த இசையை இன்று பாடிக்காட்ட இயலாது. பண்ணின் பெயர் எழுதப்பட்டது. அப்பெயருக்குரிய இசை எவ்வாறு ஒலித்தது என்பது எழுதப்படவில்லை. எழுதியவர் காலத்தில் அஃது எல்லாரும் அறிந்ததாக இருந்திருக்கும்.

தேவாரத்தின் செய்தியும் இத்தகையதே. தில்லையில் பூட்டியிருந்த அறையில் ஏடுகள் செல்லரித்துக் கிடந்தன என்றும், எஞ்சியவற்றை நம்பியாண்டார் நம்பி தொகுத்தார் என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். ஏடு கிடைத்த பின்னரும் பண் கிடைக்கவில்லை. எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண்கள் வகுக்கப்பெற்றன என்று அந்நூல் மேலும் சொல்கிறது. சொற்களை ஏடு காத்தது. இசையை ஒரு குடும்பத்தின் நினைவு காத்தது. அக்குடும்பமும் இல்லாதிருந்தால் தேவாரம் படிக்கும் நூலாக மட்டுமே நின்றிருக்கும்.

இவ்விரு செய்திகளும் உணர்த்துவது ஒன்று. குறிப்பை எழுதி வைத்தல் நன்று. ஆனால் அது போதாது. தன் கருவியும் தன் காலமும் மாறிய பின் வருபவரும் படிக்கும் முறையில் எழுதி வைத்தல் வேண்டும்.

இசைக்கருவிகளின் உலகில் அத்தகைய உடன்பாடு ஒருமுறை ஏற்பட்டதுண்டு. மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறையை, அமெரிக்காவின் டேவ் சுமித்தும் ஜப்பானின் ரோலண்டு நிறுவனத்தை நிறுவிய இக்குதாரோ காக்கேஹாஷியும் முன்னின்று உருவாக்கினர். போட்டியிடும் நிறுவனங்கள் அதற்கு இசைந்தன. 1983ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அமெரிக்காவில் நடந்த கண்காட்சியில், வெவ்வேறு நிறுவனங்கள் செய்த இரு கருவிகளை ஒரு கம்பியால் இணைத்தனர். ஒன்றை வாசிக்க மற்றொன்றும் ஒலித்தது. 'மிடி' எனப்படும் அம்முறை நாற்பது ஆண்டுகள் கடந்தும் வழக்கில் உள்ளது. 2013ஆம் ஆண்டில் அவ்விருவருக்கும் தொழில்நுட்பத்திற்கான கிராமி விருது வழங்கப்பெற்றது.

பாட்டுக் குறிப்புகளுக்கு எல்லா நிறுவனங்களும் ஏற்கும் அத்தகைய பொது அளவு இன்னும் நிலைபெறவில்லை. தம் மென்பொருளில் சேர்த்த குறிப்புகள் தம்மை விட்டுப் போகாதிருந்தால், வாடிக்கையாளரும் போகமாட்டார் என்று நிறுவனத்தார் கருதுதல் இயல்பே. விட்வொர்த்துக்கு முன்னிருந்த பட்டறைக்காரரும் தம் மரையைப் பற்றி அவ்வாறு கருதியிருத்தல் கூடும். ஆயினும், பொது மரை வந்தபின் பட்டறைகள் குறையவில்லை, பெருகின. ஒரகடத்தில் ஒருவர் செய்யும் உறுப்பை மற்றவர் வாங்கிப் பொருத்த முடிவதாலேயே அங்கே இத்தனை ஆலைகள் அடுத்தடுத்து வாழ்கின்றன.

அத்தகைய அளவு வரும்வரை, குறிப்பைக் காக்கும் பொறுப்பு அதனை எழுதியவரையே சார்ந்தது. பாட்டின் வேகம், சுருதி, தொடங்கும் இடம் ஆகிய இன்றியமையாதவற்றையேனும் எல்லா மென்பொருளும் படிக்கும் 'கருத்துரை' இடத்தில் எளிய சொற்களால் எழுதி வைக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் பேரேட்டை எக்ஸ்.எம்.எல். முறையில் படியெடுத்து வைக்கலாம். இது டி.ஜே. கலைஞருக்கு மட்டும் உரிய அறிவுரை அன்று. ஊர்க்கோயில் பாடல்களைத் தொகுப்பவர், தாலாட்டும் ஒப்பாரியும் பதிவு செய்பவர், பள்ளியில் மாணவர் கட்டுரைகளைச் சேர்த்து வைப்பவர் ஆகிய அனைவருக்கும் இது பொருந்தும். யார் பாடியது, எங்கே, எந்த ஆண்டில், எந்த வேளையில் பாடுவது என்னும் நான்கு வரிகளை யூனிகோடு தமிழில் எழுதி, பாட்டோடு சேர்த்து வைப்பவர், பரிபாடலின் இறுதியில் பண்ணின் பெயரை எழுதி வைத்த பழந்தமிழரின் வேலையையே செய்கிறார். பாடியவர் பெயர் அறியாத பாட்டாக அது பின்வருவோர் கையில் சேராது.